மரவள்ளிக் கொல்லையில் ஓர் ஆஸ்பத்திரி

காலை எட்டு ஐம்பத்தைந்து. யூனிஃபார்ம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆள் உயர மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே நான் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஒரு கையில் ஐஸ் வைத்த தடுப்பூசிப் பெட்டி. இன்னொரு கையில் செல்போன், என் முகத்துக்கு நேராக நீட்டியபடி. முதல் நாள் மழைத் தண்ணீர் இலைகளிலிருந்து கொட்டி, பூசிய பவுடரெல்லாம் கழுத்துக்கு வந்துவிட்டது.

கொல்லைக்கு நடுவில் ஒரு பாறை. அதன்மேல் ஏறி நின்றதும் போன் உத்தரவு போட ஆரம்பித்தது. ‘முகத்தை நேராக வைக்கவும்.’ வைத்தேன். ‘தலையை இடப்பக்கம் திருப்பவும்.’ திருப்பினேன். ‘கண்களைச் சிமிட்டவும்.’ சிமிட்டினேன். அதற்குத் திருப்தியில்லை. மறுபடியும் சிமிட்டச் சொன்னது.

அப்போதுதான் செடிகளுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“இன்னா நர்சம்மா, தெனம் காலையில எங்க கொல்லையில வந்து யாரப் பாத்துக் கண்ணடிக்கிறீங்க?”

கொல்லைக்குச் சொந்தக்காரர் சடையன் அண்ணன், மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி பொன்னி. அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“கவர்மென்டப் பாத்துண்ணா,” என்றேன்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில், நான் ஓடையில் வழுக்கி விழுந்து, தடுப்பூசிப் பெட்டியை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் நாத்தனார் களமருதூரிலிருந்து போன் செய்தாள். “இதையெல்லாமா அண்ணி புக்குல எழுதுவாங்க? நம்ம மானம் போவுது!” இந்த வாரத்தைப் படித்தால் அவள் போனே செய்யமாட்டாள். அதுவும் நல்லதுதான்.

லொக்கேஷன் அனுப்பிய லட்சணம்

கல்வராயன் மலையில் நான் பார்க்கும் துணை சுகாதார நிலையம் ஒரு சின்னக் கட்டடம். இரண்டு அறை, ஒரு கட்டில், ஒரு தண்ணீர் டிரம். நான்தான் அதற்கு நர்ஸ், நான்தான் அதற்குப் பெருக்குகிறவள். கட்டடம் பளிச்சென்று நன்றாகத்தான் இருக்கிறது. இருக்கும் இடம்தான் கொஞ்சம் அப்படி இப்படி. ஊருக்கு வெளியே, பள்ளத்தில், இடுகாட்டுக்குப் பக்கத்தில். ஆஸ்பத்திரிக்கு இடம் வேண்டும் என்று கேட்டபோது யாருக்கும் வேண்டாத இடத்தைச் சந்தோஷமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பள்ளத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. எப்போதாவது வாசற்படியில் ஒரு கோடு எட்டிப்பார்க்கும். நாம் பார்ப்பதற்குள் போய்விடும்.

அதனால் எனக்கு ஒரு வேலைமுறை இருந்தது. பகலெல்லாம் ஊர் ஊராக நடந்து, யாருக்குப் பிரஷர் எவ்வளவு, யாருக்கு எத்தனையாவது மாதம் என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். சாயங்காலம் நேராகச் சடையன் அண்ணன் கொல்லைப் பாறைக்குப் போவேன். அங்கே மட்டும் சிக்னல் கொட்டும். உட்கார்ந்து, பகலில் எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் போனில் ஏற்றுவேன். மலையில் வேலை பார்க்கும் நர்ஸ் எல்லோருக்கும் இப்படி ஒரு பாறையோ மரமோ மொட்டைமாடியோ உண்டு. எங்களுக்கு அதுதான் ஆபீஸ்.

ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்து, மதியமே அந்தப் பாறையில் இருக்கும்போது வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்து விழுந்தது. ‘மிக அவசரம். இன்று மாலைக்குள் அனைவரும் தங்கள் நிலையத்தின் லொக்கேஷனை அனுப்பவும். தவறினால் விளக்கம் கோரப்படும்.’

விளக்கம் என்ற சொல்லைப் பார்த்தால் எங்களில் யாரும் ஒரு நிமிஷம் தாமதிக்கமாட்டோம். பாறையில் உட்கார்ந்தபடியே லொக்கேஷன் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினேன். போய்விட்டது. அப்பாடா என்று மீதி என்ட்ரியைப் போட்டுவிட்டு மலையில் நான் தங்கும் வீட்டுக்குப் போய்ச் சாமைச் சோறு பொங்கிச் சாப்பிட்டேன்.

என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம்கூட உறைக்கவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து, அரசாங்கக் கணக்கில், எங்கள் ஊர் துணை சுகாதார நிலையம் மரவள்ளிக் கொல்லைக்கு நடுவில் இருக்கிறது.

ஆப்சென்ட்

சில மாதம் கழித்து முகத்தைக் காட்டி அட்டென்டன்ஸ் போடும் செயலி வந்தது. காலை ஒன்பது மணிக்குள் ஒன்று, மாலை ஐந்துக்கு மேல் ஒன்று. நிலையத்தில் நின்றால்தான் எடுத்துக்கொள்ளும்.

முதல் நாள் குளித்து, பூ வைத்து, கட்டடத்தின் பெயர்ப்பலகைக்கு நேர் கீழே போய் நின்றேன். அதிசயமாக ஒரு கோடு சிக்னல்கூட வந்தது. செயலி என்னைப் பார்த்தது. பிறகு சொன்னது: ‘நீங்கள் உங்கள் பணியிடத்தில் இல்லை.’

எனக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பது மனுஷனா மிஷினா என்று பார்க்கமாட்டேன். “நான் இங்க இல்லாம உங்கப்பன் வூட்டுலயா இருக்கேன்?” என்று போனைப் பார்த்துக் கத்தினேன். மூன்று நாள் கத்தினேன். மூன்று நாளும் ஆப்சென்ட்.

கீழே வட்டார ஆபீஸில் எங்கள் என்ட்ரிகளைப் பார்க்கிற தம்பி பெயர் கார்த்தி. தங்கமான பிள்ளை. பாறைக்கு ஓடிவந்து அவனுக்குப் போன் போட்டேன். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சிரி சிரி என்று சிரித்தான்.

“அக்கா, நீ இன்னாக்கா கொல்லைக்காட்டப் போயி நிலையம்னு அனுப்பிச்சி வெச்சிருக்கற?”

“அய்யோ! மாத்திடு தம்பி!”

“மாத்தணும்னா லெட்டர் குடுக்கணும். ஏன் தப்பா குடுத்தன்னு கேப்பாங்க. ரினிவல் வர்ற நேரம்க்கா. இப்ப வாணாம். பேசாம அங்கியே போயி அட்டென்டன்ஸப் போடு.”

ரினிவல். அந்தச் சொல்லில்தான் என் குடுமி மாட்டிக்கொண்டிருந்தது. நான் ஒப்பந்த நர்ஸ். பதினோரு மாதத்துக்கு ஒரு உத்தரவு. அது முடிந்தால் ஒரு நாள் வெறும் ஆளாக இருந்துவிட்டு, மறு உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். இந்த முறை அட்டென்டன்ஸ் சரியில்லாதவர்களுக்கு மறு உத்தரவு இல்லை என்று அறிவித்திருந்தார்கள். நானோ செயலி வந்த சூட்டில் மூன்று ஆப்சென்ட் வாங்கி வைத்திருந்தேன்.

தாடி டாக்டர், ஹெல்மெட் டாக்டர்

‘போனால் போகட்டும், கீழே எங்காவது தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடேன்’ என்று என் வீட்டுக்காரர் எப்போதும் சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. சனிக்கிழமை மலையிறங்கி, இரண்டு பஸ் மாறி களமருதூர் போய், என் பெண்ணுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு, திங்கள்கிழமை விடியலில் மறுபடி பஸ் ஏறுகிற பொம்பளைக்கு அந்த யோசனை வராமல் இருக்குமா?

ஆனால் எங்கள் மலையின் சங்கதி வேறு. எங்களுக்கு மேலே இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர்கள் வருவார்கள். நல்ல பிள்ளைகள். வந்த கையோடு மேற்படிப்புக்கும் படிப்பார்கள், இடம் கிடைத்ததும் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஜனங்கள் மட்டும் பெயர் கற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பவர் தாடி டாக்டர். ஒருத்தி ஹெல்மெட் டாக்டர், வண்டியிலிருந்து இறங்கியும் அதைக் கழற்ற மறந்துவிடுவாள். ஒருத்தர் ‘நின்னுக்கினே சாப்புடற டாக்டர்’. ஹெல்மெட் டாக்டரின் நிஜப் பெயரை ஊர் கற்றுக்கொண்ட வாரத்தில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது.

பக்கத்துத் துணை நிலையத்து நர்ஸ் கல்யாணமாகிப் போனவள்தான், அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. அந்தக் கதவுப் பூட்டில் குளவி கூடு கட்டியிருக்கிறது. அவள் பார்த்த ஊர்களும் இப்போது என் தலையில்தான். நான் வருவதற்கு முன்னால் என் கட்டடமும் அப்படிப் பூட்டித்தான் கிடந்ததாம். என் உத்தரவு நின்றால் இங்கேயும் குளவி வரும். என் வேலை போவதைவிட அந்தக் குளவியை நினைத்துத்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆகவே காலையும் மாலையும் கொல்லைக்கு ஓடினேன். கண்ணடித்தேன்.

பொன்னியின் சந்தேகம்

சடையன் அண்ணன் விஷயத்தைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பொன்னி அப்படி விடவில்லை. நாலு நாள் செடிகளுக்குள் நின்று என்னைக் கண்காணித்தாள். அவள் பக்கம் நின்று பார்த்தால் அதுவும் நியாயம்தானே? காலை வேளையில் ஒருத்தி பவுடர் போட்டுக்கொண்டு வந்து, தன் புருஷன் மண் அணைக்கும் கொல்லையில் நின்று, தலையைத் திருப்பித் திருப்பிக் கண்ணடித்தால் எந்தப் பெண்டாட்டி சும்மா இருப்பாள்?

ஐந்தாம் நாள் நேராக வந்துவிட்டாள். “அந்தப் போனக் குடு. நானும் அடிச்சிப் பாக்கறேன்.”

கொடுத்தேன். பொன்னி முகத்தை நேராக வைத்தாள், திருப்பினாள், கண்ணைச் சிமிட்டினாள். ‘முகம் பொருந்தவில்லை’ என்றது செயலி.

“பாத்தியா? என் மூஞ்சியப் புடிக்கலயாம் அதுக்கு,” என்று அவள் சொன்னதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்த வேகத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னா ஆச்சி?”

“ஒண்ணுமில்ல. ரொம்ப நாளா இப்பிடித்தான். எழுந்தா கிர்ருங்குது.”

பைக்குள்ளிருந்து பிரஷர் மிஷினை எடுத்துக் கையில் சுற்றினேன். எண்ணைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. நூற்று எண்பதுக்கும் மேல்.

“ஏன் பொன்னி, ஒரு நாளாவது கட்டடத்துக்கு வந்திருக்கலாம்ல?”

“பொதைக்கிற எடத்துக்குப் பக்கத்துல ஆஸ்பத்திரியக் கட்டி வெச்சிக்கினு வா வான்னா? அங்க வைத்தியத்துக்கு வரணுமா, ஒரேடியா வந்து படுத்துக்கணுமா?”

அப்போதே தாடி டாக்டருக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். அவர் சொன்னபடி அன்றே மாத்திரை ஆரம்பித்தேன். பாறையில் சிக்னல் இருந்ததால் அதுவும் நடந்தது.

பலா மரத்துத் தராசு

பொன்னிக்குத் தலைசுற்றல் கம்மியானது. கம்மியானதை அவள் மலை முழுக்கச் சொன்னாள். பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

சடையன் அண்ணன் கொல்லை ரோட்டோரம் இருக்கிறது. காலையில் கூலி வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி அங்கேதான் நிற்கும். அதற்குக் காத்திருக்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லைக்குள் வர ஆரம்பித்தார்கள். “நர்சம்மா, வண்டி வர்றதுக்குள்ள எனக்கும் ஒரு தபா சுத்திப் பாத்துடுங்க.” பிறகு மாசமாக இருப்பவர்கள் வந்தார்கள். பிறகு கைக்குழந்தைக்காரர்கள். கட்டடத்தில் நான் ஈ ஓட்டிய காலம் போய், கொல்லையில் வரிசை நின்றது.

குழந்தைகளை எடை போடும் தொங்கு தராசை வரப்பிலிருந்த பலா மரக்கிளையில் மாட்டினேன். பக்கத்தில் பலாக்காய் தொங்கும், இந்தப் பக்கம் தூளியில் குழந்தை தொங்கும். ஒரு நாள் ஒரு பாட்டன் பேரனை எடை பார்த்த கையோடு பலாப்பழத்தையும் தூளியில் ஏற்றிவிட்டார். “ரெண்டுல எது ஜாஸ்தின்னு எங்களுக்குள்ள பந்தயம்” என்றார். பழம்தான் ஜாஸ்தி. அவர் மருமகளுக்கு அதைக் காட்டியே நான் ஒரு மணி நேரம் சத்துணவு வகுப்பு எடுத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நர்ஸ் வேலைக்கு வந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. காலையில் எழுந்ததும் எப்போது கொல்லைக்குப் போவோம் என்றிருக்கும்.

வளைவில் ஒரு நிலையம்

மாதாந்திரக் கூட்டத்துக்குக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினோம். புதிதாக வந்திருந்த பெரிய அதிகாரி ஒரு டாக்டர். நாங்கள் மேடம் என்போம். மலை மேப்பைச் சுவரில் பெரிதாகப் போட்டுவிட்டு ஒரு குச்சியை எடுத்தார்.

“இந்தப் புள்ளி ஏன் கொண்டை ஊசி வளைவுல இருக்கு?”

சுமதி எழுந்து நின்றாள். என் தோழி, என்னைப்போல் மலை நர்ஸ். லொக்கேஷன் கேட்ட அன்று பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவள், வளைவில் சிக்னல் வந்ததும் தட்டிவிட்டிருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த வளைவில் டிரைவர் பஸ்ஸை ஒரு நிமிஷம் நிறுத்துவார். இவள் இறங்கிக் கண்ணைச் சிமிட்டுவாள். அட்டென்டன்ஸ் விழுந்ததும் பஸ்ஸில் இருக்கிறவர்கள் கை தட்டுவார்களாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

“ரோட்டோரமா இருக்குது மேடம்,” என்றாள் சுமதி.

“இந்தப் புள்ளி தண்ணி டேங்க் மேல இருக்கே?”

“டேங்குக்குப் பக்கத்துல மேடம்,” என்றாள் இன்னொரு நிலையத்து நர்ஸ் மேரி. அவள் குரல் டேங்க் ஏணியில் நிற்பவள் குரலாகவே இருந்தது.

குச்சி என் புள்ளிக்கு வந்தது. “இங்க கட்டடமே தெரியலயே? பச்சையா இருக்கு.”

“மரம் மறைக்குது மேடம்.”

மேடம் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி. அடுத்த வாரம் நானே வர்றேன். ஒவ்வொரு நிலையத்தையும் நேர்ல பார்த்துட்டுத்தான் ரினிவல் ஃபைல்ல எழுதுவேன்.”

வெளியே டீக்கடையில் மூன்று பேரும் உண்மையைக் கக்கினோம். சுமதியின் பஸ் கதையைக் கேட்டு மேரிக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சிரித்து முடித்ததும் மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் பயம் வந்தது.

“நீ கட்டடத்துலயே நில்லு,” என்றாள் சுமதி. “மேப்புதான் தப்புன்னு அடிச்சிப் பேசிடு.”

மேடம் வருகிறார்

எந்த நாள் என்று கார்த்தி துப்புக் கொடுத்தான். முதல் நாளே கொல்லையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். “நாளைக்கு யாரும் இங்க வராதீங்க. எல்லாரும் கட்டடத்துக்கு வாங்க. இல்லன்னா என் வேல போயிடும்.” எல்லோரும் தலையாட்டினார்கள். பொன்னி மட்டும் ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் கொல்லையில் அட்டென்டன்ஸைப் போட்டுவிட்டுப் பள்ளத்துக்கு ஓடினேன். கட்டடத்தைக் கூட்டி, துடைத்து, சுவரில் படங்களை ஒட்டி, ஊதுவத்தி கொளுத்தி வைத்தேன். ஒன்பதரை. ஒருவரும் வரவில்லை. பத்து. ஒரு காக்கை வந்தது. பத்தரை.

தலையில் விறகுக் கட்டோடு அந்தப் பக்கமாகப் போன ஒரு அம்மா என்னைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

“நர்சம்மா! நீங்க இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? ஆஸ்பத்திரில பெரிய டாக்டரம்மா வந்து உக்காந்துக்கினு இருக்காங்க, ஓடுங்க!”

ஆஸ்பத்திரி வாசலில்தான் நான் நின்றிருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று நான் கேட்கவில்லை. ஓடினேன்.

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது இது. மேப்பைப் பார்த்து வந்த ஜீப் கொல்லையோரம் நின்றிருக்கிறது. ‘நிலையம் எங்கே?’ என்று மேடம் கேட்டிருக்கிறார். மேப்பில் இருக்கும் இடத்தில் நான் இல்லையென்றால் ஆப்சென்ட் விழும் என்பது பொன்னிக்கு மனப்பாடம். “இதாங்க ஆஸ்பத்திரி,” என்று சொல்லிவிட்டாள். “நர்சம்மா மாசமா கீற பொண்ணு வூட்டுக்குப் போயிருக்காங்க. வந்துருவாங்க. நீங்க உக்காருங்க.” பாறையைத் துடைத்துவிட்டு, வேகவைத்த கிழங்கும் மிளகாய்ச் சட்டினியும் கொடுத்திருக்கிறாள். மேடம் வாயில் கிழங்கு இருக்கும்போதே தன் கையை நீட்டியிருக்கிறாள். “அதுவரைக்கும் எனக்கு பிரஷர் பாருங்க.”

பள்ளத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்திருக்கிறார்கள். நர்ஸைப் பார்க்க அவ்வளவு தூரம் எதற்கு நடக்க வேண்டும், இங்கே டாக்டரே உட்கார்ந்திருக்கும்போது?

நான் மூச்சிரைக்கப் போய் நின்றபோது மேடம் ஸ்டெத்தை மாட்டிக்கொண்டு வரிசையில் பத்தாவது ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலா மரத்தில் ஒரு குழந்தை தொங்கிக்கொண்டிருந்தது. ஜீப் டிரைவர் நோட்டில் எடை எழுதிக்கொண்டிருந்தார்.

“வாங்க சிஸ்டர். உங்க ஓ.பி.யை நான் பார்த்துட்டு இருக்கேன்.”

அடித்துப் பேச வேண்டும் என்று போட்ட திட்டமெல்லாம் பறந்துவிட்டது. பாறை, சிக்னல், அவசரச் செய்தி, மூன்று ஆப்சென்ட், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கூடவே கோபமும் வந்துவிட்டது. “தப்பு என்னுதுதான் மேடம். ஆனா வேல செய்யாம இல்ல. வேணும்னா இந்த ஜனங்களக் கேளுங்க.”

“கேட்டாச்சு,” என்றார் மேடம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கட்டடத்தைப் பார்க்கக் கூட்டிப்போனேன். பார்த்தார். இடுகாட்டையும் பார்த்தார். ஆய்வு அறிக்கை அனுப்பப் போனை எடுத்தார். சிக்னல் இல்லை. வாசற்படியில் நின்றார், டிரம் மேல் ஏறிப் பார்த்தார். இல்லை. மறுபடி ஒரு கிலோமீட்டர் நடந்து கொல்லைக்கே வந்து, பாறைமேல் ஏறி நின்றார். அறிக்கை அனுப்ப அதிகாரிகளுக்கும் அதே செயலிதான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மேடம் முகத்தை நேராக வைத்தார், தலையைத் திருப்பினார், கண்களைச் சிமிட்டினார்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். மேடத்துக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

ஜீப் ஏறும்போது சிரிப்பு போய்விட்டது. “பார்த்ததை எழுதறேன் சிஸ்டர். லொக்கேஷனை இப்ப மாத்த வேண்டாம், மாத்தினா உங்களுக்கு அட்டென்டன்ஸே விழாது. ஆனா மூணு ஆப்சென்ட் ஆப்சென்ட்தான். மேல என்ன முடிவெடுப்பாங்கன்னு நான் சொல்ல முடியாது.”

பதினோரு மாதம்

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் ஓடவேயில்லை. கிழங்கு முற்றி, ஆட்கள் வந்து பிடுங்கினார்கள். செடிகள் போனதும் கொல்லை வெட்டவெளியாகிவிட்டது. பாறையும் பலா மரமும் நானும் ரோட்டிலிருந்தே தெரிந்தோம். என் பழைய உத்தரவு முடிய மூன்று நாள்தான் இருந்தது. வேறு யாராவது வந்தால் உதவட்டும் என்று, எந்த வீட்டில் யாருக்கு எந்த மாத்திரை என்பதையெல்லாம் ஒரு நோட்டில் சுத்தமாக எழுதி வைத்தேன். எழுதும்போதே தெரியும், வேறு யாரும் வரப்போவதில்லை.

சாயங்காலம் கார்த்தி போன் செய்தான். “அக்கா, லிஸ்ட் வந்துருச்சி. அனுப்பிச்சிருக்கறேன். நான் இன்னும் பாக்கல, பாக்க பயமா இருக்குது.”

பட்டியல் இறங்க ஆரம்பித்தது. வட்டம் சுற்றியது. பொன்னி, சடையன் அண்ணன், கூலி வண்டியிலிருந்து இறங்கிய பெண்கள், எல்லோரும் பாறையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு குழந்தை அழுதது, அதன் வாயைப் பத்துப் பேர் பொத்தப் போனார்கள்.

திறந்தது. முதல் பக்கத்தில் நான் இல்லை. இரண்டாம் பக்கத்தில் சுமதி இருந்தாள், மேரி இருந்தாள், நான் இல்லை. பக்கம் இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் பக்கத்தில், கடைசிக்கு முந்தின வரியில், என் பெயர் இருந்தது.

நான் கத்தினேனா, பொன்னி கத்தினாளா என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்கு இருக்கிறது. பாறையிலிருந்து குதித்தேன். கர்ப்பிணிகளைக் குதிக்காதீர்கள் என்று திட்டிக்கொண்டே நான் குதித்தேன். சடையன் அண்ணன் தலைத்துண்டைக் கழற்றிச் சுற்றினார்.

கூத்தெல்லாம் அடங்கிய பிறகு பொன்னி கேட்டாள். “எத்தினி வருசத்துக்கு?”

“பதினோரு மாசம்.”

“அப்பறம்?”

“அப்பறம் மறுபடியும் லிஸ்ட்டு.”

பொன்னி விரலை மடக்கி மாதத்தை எண்ண ஆரம்பித்தாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு காலை வழக்கம்போல் கொல்லைக்குப் போனேன். சடையன் அண்ணன் அடுத்த வெள்ளாமைக்கு மரவள்ளிக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். கயிறு பிடித்து வரிசை வரிசையாக நட்டவர், பாறையைச் சுற்றியும் பலா மரம்வரைக்கும் ஒரு வீடு கட்டுகிற அளவுக்கு இடத்தை வெறுமனே விட்டிருந்தார். கல்லெல்லாம் பொறுக்கி, மண்ணை மிதித்துச் சமப்படுத்தியிருந்தார்.

“ஏண்ணா இவ்ளோ எடத்த வீணாக்குறீங்க? எனக்குப் பதினோரு மாசம்தான் ஆர்டரு. அடுத்த வருசம் நான் இருக்கறனோ இல்லியோ.”

சடையன் அண்ணன் நிமிரவில்லை. கையிலிருந்த குச்சியை நட்டு, சுற்றிலும் மண்ணை அழுத்திவிட்டுச் சொன்னார்.

“நீங்க இருந்தாலும் சரி, வேற ஆளு வந்தாலும் சரி. மேப்புல ஆஸ்பத்திரி இங்கதான இருக்குது. ஆஸ்பத்திரி மேல எப்பிடிம்மா கெழங்கு நடறது?”